விருந்தாளி என்றொரு சொல்

தாய்லாந்து மொழியில் 'கேக்' என்றொரு சொல் உண்டு. எழுத்தில் பார்த்தால் நத்தார் காலத்தில் நாம் உண்ணும் பண்டத்தைப் போலத் தோன்றும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இதன் முதற்பொருள் விருந்தாளி என்பதாகும். இரண்டாவது பொருளும் ஒன்று உண்டு. இந்தியர், இலங்கையர், மலாயர், அரபியர் என்று தமக்குத் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த மனிதர் எல்லோருக்கும் தாய்லாந்து மக்கள் பேச்சில் வழங்கும் பெயரும் அதுவே. பாங்கொக் மாநகரின் சீலோம் வீதியில் 19ஆம் நூற்றாண்டிலே தமிழர் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் இருக்கின்றது. அதனை அந்நகரத்தார் 'வாட் கேக்' என்றே அழைக்கிறார்கள். விருந்தாளிகளின் கோயில் என்றும் அதனைத் தமிழில் சொல்லலாம்; அந்நியர்களின் கோயில் என்றும் சொல்லலாம். இரண்டுமே சரியான மொழிபெயர்ப்புகள்தாம்.

அந்தச் சொல்லை என்னை நோக்கி முதன்முதலாகச் சொன்னவன் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன். 2003 ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தாச்சின் ஆற்றங்கரையில் மரத்தூண்களின் மேல் எழுந்து நின்ற வீடொன்றின் படிக்கட்டில் அமர்ந்திருந்தவன், என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி, "கேக் வந்திருக்கிறது" என்று கூவினான். சொல்லின் இரண்டு பொருளிலும் அவன் கூறியது உண்மையே.

அப்போது நான் பாங்கொக்கில் சில மாதங்கள் வாழ்ந்துகொண்டிருந்தேன். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகையொன்றில் பணியாற்றிய எனக்கு அங்கே ஒரு பயிற்சிநெறியில் இடம் கிடைத்திருந்தது. ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் பத்திரிகையாளர்கள் வந்திருந்தனர். வகுப்பறையில் கற்பதோடு நின்றுவிடாமல் நாட்டையும் அறியட்டும் என்று, ஒவ்வொருவரையும் ஒரு தாய்லாந்துக் குடும்பத்துடன் ஒரு வாரஇறுதி தங்கிவர அனுப்பினார்கள். என் பெயருக்கு எதிரே குறிக்கப்பட்டிருந்த மாகாணத்தின் பெயர் நக்கோன் பதோம்.

அப்பெயரைக் கண்டதும் சற்றுத் திகைத்தேன். நான் ஒருபோதும் கண்டிராத, ஆனால் பலமுறை எழுதிய ஊர் அது. இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையின் முதற் சுற்று 2002 செப்டெம்பரில் சத்தஹிப் கடற்படைத் தளத்தில் நடைபெற்றதை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டாம் சுற்று அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிலும், நான்காம் சுற்று 2003 ஜனவரி 6 முதல் 9 வரையும் நக்கோன் பதோமிலுள்ள றோஸ் கார்டன் விடுதியிலே இடம்பெற்றன. கொழும்பில் இரவுப் பணியில் இருந்த நான் அந்நாட்களில் செய்தியின் தொடக்கத்தில் அவ்வூரின் பெயரை இட்டு இட்டுக் கை பழகிப்போயிருந்தது. நக்கோன் என்பது நம்முடைய நகரம், பதோம் என்பது பிரதமம், ஆகவே அது 'முதல் நகரம்' என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

ஜனவரிச் சுற்றில் பெரிதாகப் பேசப்பட்ட விடயங்களுள் ஒன்று உயர் பாதுகாப்பு வலயங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இராணுவம் வேலியிட்டு வைத்திருந்த நிலங்களுக்கு மக்கள் திரும்பலாமா, கூடாதா என்பதே வினா. இணக்கம் ஏற்படவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகியிருக்கப் போவதாக அறிவித்தனர். அந்த வலயத்துக்குள் அகப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளுள் வலிகாமம் வடக்கிலிருந்த எங்கள் வீடும் ஒன்று. 1990இல் என் தாயார் கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளியேறினார். இதனை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னர் சொல்கிறேன்.

பாங்கொக்கிலிருந்து மேற்கே அறுபது கிலோமீற்றருக்குள்ளான தூரம்தான். புகையிரதத்தில் சென்றேன். மழைக்காலம். இருமருங்கும் நெல்வயல்களும் தாமரைக் குளங்களும் பழத்தோட்டங்களும் வந்துபோயின. தாச்சின் ஆற்றை அண்டிய அப்பகுதி பம்பளிமாஸ் பழத்துக்குப் பெயர்பெற்றது. கொழும்பில் ஜம்போலா என்பார்களே, அதுதான். மண்ணை நீண்ட வரம்புகளாக உயர்த்தி, வரம்புகளுக்கிடையே வாய்க்கால் வெட்டி, வாய்க்காலில் சிறு வள்ளத்தை விட்டு மரங்களுக்கு நீர் இறைக்கிறார்கள். எனக்கு இடமளித்த குடும்பத்துக்கும் அப்படியொரு தோட்டம் இருந்தது. தந்தை தோட்டக்காரர். தாய் இளைப்பாறிய ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைய மகளுக்கு ஆங்கிலம் தெரிந்தமையால் அவளே எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். மூத்த மகளின் பிள்ளைதான் படிக்கட்டில் இருந்த அச்சிறுவன். தாயைப் பெற்ற மூதாட்டியும் அவர்களுடனேயே வாழ்ந்தார்.

வீட்டார் எல்லோரும் கைகூப்பினார்கள். நம்முடைய வணக்கத்தைப் போன்ற அந்தக் கும்பிடுகையை அவர்கள் 'வாய்' என்பர். பேரன் கூவிய சொல் தாய்க்குச் சங்கடத்தைத் தந்தது என்பதை முகத்தில் கண்டேன். அவனை அருகே இழுத்து, 'லுங்' என்று அழைக்கும்படி சொல்லிக்கொடுத்தார். பெரியப்பா, மாமா என்று பொருள். நானும் அவரை 'மே' என்று, அதாவது அம்மா என்று, அழைக்க வேண்டுமெனக் கூறினார்கள். அதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. தந்தையை அழைக்கும் சொல்தான் என்னைத் தடுமாறச் செய்தது. அது 'போ'. என் வயதுக்கு மூத்த ஒருவரை, அவருடைய வீட்டிலேயே நின்றுகொண்டு, போ போ என்று அழைக்க ஒரு தமிழனின் நாக்கு எவ்வளவு கூசும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். காரணத்தை விளக்கியபோது அவர் நெடுநேரம் சிரித்தார். மறுநாள் மாலை நான் புறப்படுகையில், "இப்போது நீங்கள் போ" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, சாப்பிட்டாயிற்றா என்பது. தாய்லாந்தில் ஒருவரையொருவர் காணும்போது நலம் விசாரிக்கும் முறையே அதுதான். யாழ்ப்பாணத்தில் படலையைத் திறக்கும்போதே "சாப்பிட்டாச்சோ?" என்று வரும் குரல் நினைவுக்கு வந்தது. மதிய உணவுக்குப் புளியும் மீனும் சேர்ந்த குழம்பு வைத்திருந்தார்கள். நம்முடைய புளிக்குழம்புக்குத் தூரத்து உறவென்று சொல்லலாம். எல்லோரும் கரண்டியும் முள்ளும் கொண்டு உண்டனர். நானும் அவ்வாறே தொடங்கினேன். மீன்முள்ளோடு நான் படும் பாட்டை மூதாட்டி கவனித்துக்கொண்டிருந்தார். உன் ஊரில் எப்படி உண்பீர்கள் என்று கேட்டார். கையால் என்றேன். அவர் தம்முடைய கரண்டியை மெல்ல ஒருபுறம் வைத்துவிட்டுக் கையைக் கழுவிவந்து, சோற்றைப் பிசைந்து உண்ணத் தொடங்கினார். சிறுவயதில் தாமும் அப்படித்தான் உண்டதாகச் சொன்னார். மேசையைச் சுற்றி இருந்தோர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விருந்தாளியின் கூச்சத்தைப் போக்க எண்பதை நெருங்கும் ஒருவர் செய்த காரியம் அது. கையைக் கழுவிக்கொண்டு நானும் அவருடன் சேர்ந்துகொண்டேன்.

இத்தகைய குணத்துக்கு அவர்களுடைய மொழியில் 'நாம் ஜாய்' என்று பெயர். நாம் என்றால் நீர். ஜாய் என்றால் உள்ளம். உள்ளத்தின் நீர். நெஞ்சில் ஈரமுள்ளவர் என்று நாம் சொல்வதும் இதுவே அல்லவா?

அன்று மாலை, தோட்டத்தைச் சுற்றிவந்த பின்னர், விறாந்தையில் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். என் தாய்மொழி எது என்று மூதாட்டி வினவினார். தமிழ் என்றேன். மகள் மொழிபெயர்க்கு முன்பே அவருக்கு அது புரிந்துவிட்டது. "தமின்" என்று தம் உச்சரிப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பின்னர் பேசத் தொடங்கினார்.

அவர் பிறந்தது அங்கிருந்து மேற்கே பான் பொங் என்ற ஊரில். ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்த சயாம்-பர்மா மரண ரயில்பாதை அவ்வூரின் அருகிலிருந்துதான் புறப்படுகின்றது. 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதைக்காக மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். காட்டுக்குள் நடத்திச் சென்றார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் மலேரியாவிலும் அவர்களுள் மிகப் பலர் மடிந்தனர். போர்க் கைதிகளாக இருந்த வெள்ளையருக்குக் காஞ்சனபுரியில் ஒழுங்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலானோருக்குப் பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை. இவையெல்லாம் நூல்களில் படித்து நான் அறிந்தவை. மூதாட்டி தம் கண்ணால் கண்டதைச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. மனைவிமாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிலர் வந்ததைக் கண்டாராம். அவருடைய தாயார் வேலிக்கு மேலாக வாழைப்பழமும் சோற்று உருண்டையும் எறிவாராம். காவலர் பார்த்தால் அடி விழும். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று சிறுவன் கேட்டான். மூதாட்டியின் விடை ஒரே சொல்லில் முடிந்தது. "கேக்."

அதனை எவ்வாறு மொழிபெயர்ப்பது என்று அறியாமல் மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அன்றிரவு எனக்கு மின்விசிறியுள்ள அறையைத் தந்தார்கள். கட்டிலின்மேல் நுளம்பு வலை கட்டப்பட்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் தாகமெடுத்து வெளியே வந்தபோது, விறாந்தையில் கணவனும் மனைவியும் பாயில் உறங்குவதைக் கண்டேன். எனக்குத் தந்தது அவர்களுடைய அறை. தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். அதன் பிறகு உறக்கம் வரவில்லை.

காரணம் வேறொரு வீடு. 1983 ஜூலையில், சரியாக இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நான் கொழும்பில் வாடகை அறையொன்றில் வாழ்ந்த இளம் உதவி ஆசிரியன். வீதியில் புகை எழுந்தபோது, அயல்வீட்டுச் சிங்களப் பெரியவர் ஒருவர், அரச திணைக்களமொன்றில் எழுதுவினைஞர், என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். இரண்டு இரவுகள் அவ்வீட்டில் இருந்தேன். தம்முடைய அறையை எனக்குத் தந்துவிட்டு, அவரும் மனைவியும் வாசற்கதவின் குறுக்கே பாய் விரித்துப் படுத்தார்கள். யாரேனும் வந்தால் முதலில் தாங்கள் விழிக்க வேண்டும் என்பதற்காக. மூன்றாம் நாள் அகதி முகாம். பின்னர் கப்பலில் காங்கேசன்துறை.

ஒரு சிங்கள வீட்டில் நான் இரவு தங்கியது என் வாழ்வில் அந்த இரண்டு நாட்கள் மட்டுமே. அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் அவருக்கு அயலவனாக இருந்தும், தேநீர் அருந்தவேனும் அவ்வீட்டுக்குள் நான் சென்றதில்லை. அதற்குப் பின் கொழும்புக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் வாழ்ந்தும், அவ்வீட்டை நாடிச் சென்று ஒரு வேளை உண்டு வரவில்லை. கடிதம் ஒன்று எழுதினேன், அவ்வளவே. அந்த வெட்கம் அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

விடியற்காலையில் பிக்கு ஒருவர் சிறு வள்ளத்தைத் தாமே வலித்துக்கொண்டு ஆற்றுப்படிக்கு வந்தார். தாய் முழந்தாளிட்டு, சூடான சோற்றையும் கறியையும் அவருடைய பாத்திரத்தில் இட்டார். பின்னர் எல்லோருமாக பிரா பதோம் தூபியைக் காணச் சென்றோம். ஏறத்தாழ 120 மீற்றர் உயரமானது. மொங்குட் மன்னர் 1853இல் பழைய தூபியின்மேல் கட்டத் தொடங்கியது 1870இல் நிறைவுற்றது. செம்மஞ்சள் நிற ஓடுகள் மழையில் கழுவப்பட்டு ஒளிர்ந்தன. அதன் நிழலில் தந்தை என்னிடம் வினவினார்: "லங்காவும் புத்தருடைய நாடுதானே? எங்களுக்கு உங்கள் நாட்டின்மேல் மிகுந்த மதிப்பு. அங்கே ஏன் சண்டை?"

அவருக்கு நான் சொல்லக்கூடிய விடைகள் பல இருந்தன. கண்டி இராச்சியத்தில் அற்றுப்போயிருந்த பிக்கு உபசம்பதாவை 1753இல் அயோத்தியாவிலிருந்து வந்த உபாலி தேரரே மீள நிறுவினார் என்பதையும், அவரை வரவழைத்த மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன் என்பதையும் சொன்னேன். அவருக்கு அது வியப்பாக இருந்தது. அந்நிய வமிசத்து மன்னன் ஒருவன் அந்நிய நாட்டுப் பிக்குமாரை அழைத்துவந்து காத்துக்கொடுத்த மரபின் பெயராலேயே பின்னாளில் அந்நியரை வெளியேறச் சொன்னார்கள் என்பதை விளக்க என் ஆங்கிலமும் மகளின் ஆங்கிலமும் போதவில்லை.

மாலையில் விடைபெறும் வேளையில் தாய் ஒரு பை நிறையப் பம்பளிமாஸ் பழங்களைத் தந்தார். பிறகு மிக இயல்பாக, விருந்து உண்டவரிடம் விருந்து அளித்தவர் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "நாங்கள் லங்காவுக்கு யாத்திரை வந்தால் உங்கள் வீட்டில் தங்கலாம் அல்லவா?"

தங்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது? எங்கள் வீட்டைச் சுற்றி முட்கம்பி இருந்தது. அதன் கூரை இருக்கிறதா என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. அங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள விடுதியொன்றில், ஆறு மாதங்களுக்கு முன்னர், அந்த வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதையும் நான் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு பயணக் கதையாக எழுதுவது என் நோக்கமன்று. தாய்லாந்து மக்கள் நல்லவர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். பாம்பையும் 'கேக்'கையும் ஒன்றாகக் கண்டால் முதலில் 'கேக்'கை அடி என்றொரு வழக்கு அந்நாட்டில் உண்டு. அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டுச் சாசனத்தில் தாய்லாந்து ஒப்பமிடவில்லை. ஆகவே அங்கு அடைக்கலம் தேடுபவர் சட்டத்தின் கண்ணில் விசா இல்லாத குற்றவாளி. 2009க்குப் பின்னர் பாங்கொக்கை அடைந்த நம்மவர் பலருக்கு இது நன்கு தெரியும். 2010 ஓகஸ்டில் 492 தமிழருடன் சன் சீ கப்பல் கனடாவை அடைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் பாங்கொக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் கைதுசெய்யப்பட்டு, சுவான் புலூ குடிவரவுத் தடுப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். மியன்மார் எல்லையில் ஒன்பது முகாம்கள் இருக்கின்றன. 1984 முதல் அகதிகள் வந்த வண்ணம் இருந்தனர். அங்கே நெடுங்காலம் வாழ்ந்தோர் சட்டப்படி வேலை செய்வதற்கு அமைச்சரவை இசைவளித்தது 2025 ஓகஸ்டில்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தம் அறையை எனக்குத் தந்த அந்தத் தம்பதியும் இந்த நாட்டின் குடிமக்களே. அவர்கள் பொய்யாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் வீடு காட்டும் அன்பு வாசலுக்கு வந்தவரை மட்டுமே சென்றடைகின்றது. பெயர் தெரிந்து, முகம் தெரிந்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கப்பட்டவருக்கே அது கிடைக்கும். வாசலுக்கு வராதவர்களை, வர முடியாதவர்களைக் காப்பது சட்டம் ஒன்றே. 1983இல் நான் உயிர்தப்பியதற்குக் காரணம் என் அயலவர் நல்லவராக இருந்தமை. வேறு தெருவில் குடியிருந்தவர்களுக்கு அந்த நல்வாய்ப்புக் கிடைக்கவில்லை. உயிர்வாழ்வது அயலவரைப் பொறுத்த அதிர்ஷ்டமாக இருக்கும் நாட்டை நல்ல நாடென்று சொல்ல முடியாது. 'மக்கள் நல்லவர்கள், அரசியல்வாதிகள்தான் கெட்டவர்கள்' என்று நம்மிடையே அடிக்கடி சொல்லப்படுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. நல்ல மக்கள் தம் வீட்டு வாசலில் காட்டும் ஈரத்தைத் தம் நாட்டின் வாசலிலும் காட்டுமாறு கேட்காவிடின், அந்த ஈரம் வாசற்படியிலேயே உலர்ந்துவிடும்.

இதைப் பிறரைப் பார்த்து மட்டும் சொல்வது நேர்மையாகாது. விருந்தோம்பலைப் பற்றி நம்மைப்போல் பெருமை பேசும் இனம் அரிது. விருந்து என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்று பொருள்; புதிதாய் வந்தவரே விருந்தினர். ஆனால் நான் பிறந்த ஊரில் சிலருக்கு மூக்குப்பேணியிலும் சிலருக்குச் சிரட்டையிலும் நீர் கொடுக்கப்பட்டதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். மலையகத்திலிருந்து வந்தவரை 'வடக்கத்தையான்' என்று அழைத்ததும் நாமே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாக அவ்வூரவராக இருந்தோர் ஒரே நாளில் விருந்தாளிகளாகவும், மறுகணம் அந்நியர்களாகவும் ஆக்கப்பட்டார்கள். அப்போது நம் வீடுகளில் கண்ணீர் விட்டவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. வீதியில் இறங்கிக் கூடாது என்றவர்கள் மிகச் சிலரே. பத்திரிகைத் தொழிலில் இருந்த நானும் அந்தச் சிலருள் ஒருவனல்லன்.

இன்று உலகெங்கும் வாழும் நம்மவர் பலர் வீட்டுக்காரர்களாகிவிட்டனர். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சொந்த வீடும் குடியுரிமையும் வாக்கும் உண்டு. அவர்களுள் சிலர், புதிதாக வரும் சிரியரையும் ஆப்கானியரையும் பற்றி, இவர்கள் களவாக வருகிறார்கள், வரிசையில் நிற்காமல் புகுகிறார்கள் என்று பேசுவதைத் திருமண வீடுகளில் கேட்டிருக்கிறேன். நாம் எந்த வரிசையில் நின்று வந்தோம் என்று கேட்கத் தோன்றும். சபை நாகரிகம் கருதி வாயை மூடிக்கொள்வேன். இனி மூடிக்கொள்வதாக இல்லை.

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரொஹிங்கியா மக்களுடன் ஒரு படகு முல்லைத்தீவுக் கரைக்கு, அதுவும் முள்ளிவாய்க்காலுக்கு, வந்து சேர்ந்தது. 2009இல் தாமே பட்டினி கிடந்த அதே கடற்கரையில், அவ்வூர் மக்கள் அவர்களுக்கு உணவும் நீரும் கொண்டு ஓடினார்கள். அச்செய்தியைப் படித்தபோது பான் பொங் வேலிக்கு மேலாகச் சோற்றுருண்டை எறிந்த அந்தத் தாயை நினைத்துக்கொண்டேன். பின்னர் அரசு அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தது. கேப்பாப்பிலவு என்ற பெயரை அறிந்தவர்களுக்கு, அங்கும் நம்மவர் தம் நிலத்துக்காக வீதியோரம் இருந்து போராடினார்கள் என்பது நினைவிருக்கும். வீடு திறந்தது, அரசு மூடியது என்ற அதே கதைதான். ஆனால் இம்முறை திறந்த வீடு நம்முடையது. அத்துடன் நின்றுவிடாமல், அவர்களுக்குச் சட்டபூர்வமான அடைக்கலம் கொடு என்று கேட்பதும் நம் கடமை.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். பாங்கொக்கில் எனக்கு வாய்த்தது போன்ற ஒரு வாரஇறுதி, இலங்கைப் பிள்ளைகளுக்கு ஏன் வாய்க்கக்கூடாது? காலியிலிருந்து ஒரு மாணவி பருத்தித்துறையில் ஒரு வீட்டிலும், மன்னாரிலிருந்து ஒரு மாணவன் குருநாகலில் ஒரு வீட்டிலும் இரண்டு இரவுகள் உறங்கி எழட்டும். அதனால் அரசியல் தீர்வு வந்துவிடும் என்று சொல்லுமளவுக்கு நான் வெகுளியல்லன். நிலத்தை விடுவிப்பதற்கும் நீதி வழங்குவதற்கும் அது மாற்றாகாது. எனினும், ஐந்து ஆண்டுகள் அயலில் இருந்தும் ஒருவருடைய குசினியைக் காணாமலே இருந்த என் தலைமுறையின் பிழையையேனும் அவர்கள் செய்யாதிருக்கலாம்.

அக்குடும்பத்தின் இளைய மகள் சில ஆண்டுகள் எனக்கு மின்னஞ்சல் எழுதினாள. 2011 பெருவெள்ளத்தில் தோட்டத்தின் மரங்கள் அழுகிவிட்டன என்றும், மூதாட்டி அதற்கு முன்பே காலமானது நல்லதாயிற்று என்றும் எழுதியிருந்தாள். தாய்க்கு அனுராதபுர யாத்திரை ஆசை இன்னமும் இருக்கிறது என்று கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தாள். எங்கள் வீடு இருந்த காணி பின்னர் விடுவிக்கப்பட்டது. வீடு இல்லை, கிணறு இருக்கிறது. என் தங்கை அங்கே இரண்டு அறைகளோடு சிறியதொரு வீடு கட்டியிருக்கிறாள். இப்போது நான் அந்தத் தாய்க்கு எழுத வேண்டிய கடிதம் ஒன்று நிலுவையில் இருக்கிறது. கொழும்பில், எனக்குத் தம் அறையைத் தந்த அந்தப் பெரியவருக்கு எழுத வேண்டிய கடிதத்துக்கோ காலம் கடந்துவிட்டது. அவருடைய பிள்ளைகளின் விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.